வவுச்சர் பைண்டிங் மெஷினின் பிட்டை எப்போது மாற்ற வேண்டும்: காரைக்குடி அலுவலகத்தில் நான் பட்ட பாடு

காரைக்குடியில் ஒரு கல்வி அறக்கட்டளையின் கணக்கு அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். மூன்று பள்ளிக்கூடங்களின் வரவு செலவும் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வரும். சென்ற செப்டம்பரில், வவுச்சர்களைக் கட்டாகக் கோக்கும் மெஷினில் துளையிடுகிற பிட், அதாவது என் ஆள்காட்டி விரல் நீளமே உள்ள ஓர் இரும்புக் குழாய், மழுங்கிப்போயிருந்ததை உரிய காலத்தில் கண்டுகொள்ளாமல் விட்டதால், பதினொரு நாள்களையும் 5,880 ரூபாயையும் இழந்தேன். அந்தக் குழாயின் விலை 620 ரூபாய். மெஷினோடு வந்த தாளில் 'பிட் மழுங்கினால் மாற்றவும்' என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. மழுங்கிவிட்டது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று அதில் இல்லை. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நாள்களில் பலமுறை நினைத்தேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் வவுச்சர் பைண்டிங் மெஷின். கைப்பிடியை இறக்கினால் சுழலும் பிட் காகிதக் கட்டில் துளையிடும். அந்தத் துளையில் நைலான் டியூப்பை அளவாக வெட்டி விட்டு, அதன் இரு முனைகளையும் மெஷினின் சூட்டில் அழுத்தினால், அவை பூவாக விரிந்து கட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு முறை பிடித்துவிட்டால் நடுவிலிருந்து ஒரு தாளை உருவவோ சொருகவோ முடியாது என்பதுதான் இதன் பெரிய பலன். வருமான வரி விதிகளில் 2022 ஆகஸ்டில் 17ஏஏ என்ற விதி சேர்க்கப்பட்டு, அறக்கட்டளைகள் தங்கள் கணக்குகளையும் ஆவணங்களையும் உரிய மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஆனபிறகு, ஃபைலில் டேக் போட்டுக் கட்டி வைப்பது இனிப் போதாது என்று முடிவு செய்து, அறங்காவலர்களிடம் பேசி இந்த மெஷினை வாங்க வைத்தவளே நான்தான். அதனால் இது என் கையாலேயே கெட்டபோது வேதனை இரண்டு மடங்காக இருந்தது.

இந்த மெஷினில் இருக்கும் பிட் மரத்தில் துளையிடும் திருகுப் பிட் அல்ல. அது உள்ளே வெற்றான ஒரு குழாய். அதன் அடிவாய் வட்டக் கத்திபோல் இருக்கும். அது சுழன்றுகொண்டே இறங்கும்போது ஒவ்வொரு தாளிலிருந்தும் ஒரு சின்ன வட்டத்தை வெட்டி எடுக்கும். அந்தப் பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் குழாயின் உள்ளேயே மேலேறி, மேல்வாய் வழியாகக் குப்பைத் தட்டில் விழும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும். கூர் சரியாக இருக்கும்வரை பொட்டுகள் உதிரியாக, மணல் கொட்டுவதுபோல் வந்துகொண்டே இருக்கும். கூர் போய்விட்டால் வாய் வெட்டுவதை விட்டுவிட்டுக் காகிதத்தை அழுத்தித் தேய்க்கத் தொடங்கும். தேய்த்தால் சூடு வரும். சூட்டில் பொட்டுகள் இறுகும். இறுகினால் மேலேறாமல் குழாய் அடைபடும். அடைபட்ட பிறகும் நாம் கைப்பிடியை அழுத்தினால் அத்தனை பாரமும் மோட்டாரின் தலையில் போய் விழும். எனக்கு நேர்ந்தது இந்த வரிசைதான். ஒரு படிகூடத் தவறவில்லை.

முதல் அறிகுறி ஜூன் மாதத்திலேயே தெரிந்தது. பள்ளிப் பேருந்துகளுக்கு டீசல் போடும்போது பங்கில் தருகிற ரசீதுகள் சூடுபட்டால் கறுக்கும் வழவழப்பான தாளில் அச்சாகி வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜூன் மாதக் கட்டில் அந்த ரசீதுகளின் துளையைச் சுற்றி மட்டும் கண்ணுக்கு மை தீட்டியதுபோல் ஒரு கறுப்பு வளையம் இருந்தது. அச்சு மை கசிந்திருக்கிறது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். துளையில் உண்டான சூடு அந்தத் தாளில் பதிந்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சாதாரண வெள்ளைத் தாளில் அந்தச் சூடு தெரியாது. ரசீதுத் தாள்தான் காட்டிக்கொடுக்கும். இன்று அந்த வளையத்தைப் பார்த்தால் அந்தக் கட்டோடு வேலையை நிறுத்திவிடுவேன்.

ஜூலையில் பொட்டுகள் மாறின. முன்பெல்லாம் வெட்டிய பொட்டைக் கையில் எடுத்தால் விளிம்பு சுத்தமாக வட்டமாக இருக்கும். ஜூலையில் வந்தவற்றில் பலவற்றுக்கு ஓரத்தில் ஒரு மெல்லிய வால் இருந்தது, பல்லி முட்டையில் நூல் ஒட்டியதுபோல. வட்டக் கத்தியின் வாயில் ஓரிடத்தில் பல் விழுந்திருந்தால், அந்த இடம் மட்டும் வெட்டாமல் இழுத்துக் கிழிக்கும். அதுதான் வாலாக வரும். பல் விழுந்ததற்கும் நானே காரணம். வவுச்சர்களில் ஸ்டேப்ளர் பின் இல்லாத தாளே கிடையாது. ஓரத்தில் இருக்கும் பின்னை எடுத்துவிடுவேன். ஆனால் ரசீதை வவுச்சரோடு சேர்த்து உள்ளே அடித்திருக்கும் பின்களைச் சரிபார்க்க மாட்டேன். ஒருநாள் துளையிடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்த ஒரு நொடியில் பிட்டின் வாய் போயிருக்க வேண்டும். துளை விழும் இடத்தில் பின், குண்டூசி, கிளிப் எதுவும் இருக்கக்கூடாது. கட்டின் இடது ஓரத்தை மேலிருந்து கீழ்வரை விரல்களால் அழுத்தி வருடிப் பார்த்தால் உள்ளே ஒளிந்திருக்கும் பின் கட்டாயம் தட்டுப்படும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. லாமினேட் செய்த தாளையும் பிளாஸ்டிக் உறையையும் எக்காரணம் கொண்டும் உள்ளே விடாதீர்கள். அவை சூட்டில் இளகிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகஸ்டில் அடித்தாள்கள் வெட்டுப்படாமல் நின்றன. மேலே உள்ள தாள்களில் துளை சுத்தமாக இருக்கும். கடைசி நான்கைந்து தாள்களில் மட்டும் வட்டம் பாதி அறுந்து தொங்கும். இங்கே ஒன்றைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இந்த இடத்தில்தான் நல்ல பிட்டைத் தூக்கி எறிகிறார்கள், அல்லது கெட்ட பிட்டை வைத்துக்கொண்டு மன்றாடுகிறார்கள். துளை விழும் இடத்துக்கு நேர் கீழே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லை இருக்கும். பிட் கடைசித் தாளையும் தாண்டி இந்த வில்லையில் லேசாகப் பதிந்தால்தான் அடித்தாள் முழுமையாக வெட்டுப்படும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பதிந்து அங்கே பள்ளம் விழுந்துவிட்டால், அடித்தாளுக்குத் தாங்கல் இல்லாமல் போய்விடும். அப்போது பிட் புதிதாகவே இருந்தாலும் தாள் பள்ளத்துக்குள் அமுங்குமே தவிர வெட்டுப்படாது. ஆகவே அடித்தாள் வெட்டுப்படாவிட்டால் முதலில் வில்லையைக் கொஞ்சம் திருப்பி, பள்ளம் விழாத புது இடத்தைப் பிட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, சின்னதாக ஒரு காகிதக் கட்டு வைத்துத் துளையிட்டுப் பாருங்கள். சுத்தமாக வெட்டினால் குற்றம் வில்லையுடையது. புது இடத்திலும் வெட்டவில்லை என்றால் பிட்டுக்குக் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், காசு செலவில்லை. நான் அதைச் செய்யவில்லை. அதற்குப் பதிலாகக் கைப்பிடியை இன்னும் பலமாக அழுத்தினேன், இறங்கும் ஆழத்தையும் கூட்டி வைத்தேன். வில்லையில் ஆழமாகப் பதியப் பதியப் பிட்டின் வாய் இன்னும் வேகமாக மழுங்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் எனக்கே சந்தேகம் வந்து, பிட்டைக் கழற்றி, அரிவாள், கத்தரிக்கோல் எல்லாம் தீட்டித் தருகிற ஒரு சாணைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நல்ல மனத்தோடுதான் செய்து கொடுத்தார், 100 ரூபாய் வாங்கினார். ஆனால் அவர் பழகியது கத்தி. கத்தியைத் தீட்டுவதுபோலவே குழாயின் வெளிப்பக்கத்தைச் சுற்றிச் சாணை பிடித்துவிட்டார். பார்க்கப் பளபளவென்று இருந்தது, எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. இந்தப் பிட்டில் கூர் நிற்பது உள்பக்கச் சரிவில். வெளிப்பக்கம் நேராகவே இருக்க வேண்டும், ஏனென்றால் வெளிவட்டத்தின் அளவுதான் துளையின் அளவு. வெளிப்பக்கத்தைத் தேய்த்துவிட்டால் வாய் சிறுத்து, மேலே உள்ள உடல் பெருத்திருக்கும். சிறிய வாய் போட்ட துளைக்குள் பெரிய உடல் நுழைய முடியாமல் உரசும். மழுங்கிய பிட்டைவிட இப்படித் தவறாகச் சாணை பிடித்த பிட்டுதான் ஆபத்தானது என்பதை அந்த மாதக் கடைசியில் தெரிந்துகொண்டேன். குழாய்ப் பிட்டுக்கென்றே கூம்பு வடிவக் கல் வைத்த தனிச் சாணைக் கருவி இருக்கிறது. அது உள்பக்கத்தைத் தீட்டும். பிறகு வெளி விளிம்பில் எழும் மெல்லிய பிசிறை மட்டும் நுண்கல்லால் நீவிவிடுவார்கள். அந்தக் கருவி வைத்திருப்பவரிடம் மட்டுமே கொடுங்கள். அப்படி யாரும் அருகில் இல்லையென்றால் புதிய பிட் வாங்குவதே மேல்.

தணிக்கையாளர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அறிக்கை வழக்கமாகச் செப்டம்பர் 30-க்குள் போக வேண்டும் என்பதால் அதற்கு முந்தைய வாரம் எப்போதுமே எங்களுக்கு நெருக்கடிதான். மூன்று பள்ளிக்கும் பன்னிரண்டு மாதமாக முப்பத்தாறு கட்டுகள், கட்டுக்கு இரண்டு துளை. மழைக்காற்று வீசத் தொடங்கியிருந்ததால் வவுச்சர்கள் எல்லாம் சற்றே நமுத்துப்போயிருந்தன. நமுத்த காகிதம் பிட்டில் இன்னும் அதிகமாக உரசும், பொட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டும். சனிக்கிழமை மாலை எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு நான் மட்டும் உட்கார்ந்து துளையிட ஆரம்பித்தேன். எங்கள் அலுவலகம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் முன்பகுதியில் இயங்குகிறது. பர்மாத் தேக்கில் செய்த தூண்கள், தலைக்குமேல் மர விட்டங்கள், தரையில் ஆத்தங்குடிக் கல். இரவு எட்டு மணிக்கு அந்தச் சிவப்பும் பச்சையுமான தரை முழுவதும் வெள்ளைப் பொட்டுகள் சிதறிக் கிடந்தன. அவற்றில் பாதி வட்டமே இல்லை. பிய்த்துப் போட்டதுபோல் இருந்தன. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நிறுத்தவில்லை. திங்கட்கிழமை என்ற ஒரே நினைப்புதான் என்னை ஓட்டிக்கொண்டிருந்தது.

இருபத்து மூன்றாவது கட்டில் பிட் பாதியில் நின்றது. அது ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கட்டு. அதாவது ஒரு முழு ரீம் காகிதம் அளவு. மோட்டார் சுழலாமல் 'ம்ம்ம்' என்று முனகியது. அந்த முனகலைக் கேட்ட நொடியிலேயே சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். நான் கைப்பிடியை இன்னும் அழுத்தினேன். பிறகு ஒரு நாற்றம் வந்தது, துணி கருகுவதும் வார்னிஷ் காய்வதும் கலந்ததுபோல. துளையிலிருந்து நூல்போல் புகை எழுந்தது. மர விட்டமும் மேல்மாடி முழுக்கப் பழைய பேரேடுகளும் இருக்கிற வீட்டில், இரவு நேரத்தில், தனியாக நின்றுகொண்டு அந்தப் புகையைப் பார்த்தபோது எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அந்த மெஷினின் முன்னால் நின்றேன். தீ பிடிக்கவில்லை. புகை நின்றதும் கட்டை விடுவிக்க வேண்டுமே என்று இரண்டு கையாலும் பிடித்து முறுக்கி இழுத்தேன். பிட் கழுத்தில் ஒடிந்து, கீழ்ப்பாதி கட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பிட் சிக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போது சொல்கிறேன். மின்சாரத்தை நிறுத்துங்கள். ஆறும்வரை எதையும் தொடாதீர்கள், பிட் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சுட்டிருக்கும். கட்டைத் திருகாதீர்கள், திருகினால் பிட்டும் ஒடியும், தாளும் கிழியும். பிட்டைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தினால் பிட் கட்டோடு சேர்ந்து மெஷினிலிருந்து கழன்று வந்துவிடும். பிறகு மேசைமேல் வைத்து, மேலிருந்து தாள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டின் வழியே உருவிவிடலாம். நான் அப்படிச் செய்திருந்தால் ஒரு வவுச்சர்கூடக் கிழிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தபோது பதினான்கு வவுச்சர்களின் இடது ஓரம் எண், தேதியோடு சேர்ந்து கிழிந்திருந்தது. ஆறு டீசல் ரசீதுகள் தொகையே தெரியாத அளவுக்குக் கறுத்திருந்தன. ஒடிந்த பிட்டைக் குடைந்து பார்த்தேன். உள்ளே பொட்டுகள் இறுகி, வேப்பங்குச்சியை அடித்துச் சொருகியதுபோல் கெட்டியாக இருந்தன. நகத்தால் சுரண்டினால்கூட உதிரவில்லை.

அன்று மதியம் எங்கள் அறக்கட்டளையில் முன்பு கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவரின் வீட்டுக்குப் போனேன். அவரைக் கணக்கப்பிள்ளை ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஆத்தா, மெஷின் கிடக்கட்டும். ஊசியும் நூலும் எடுத்துட்டு வா, நாளைக்குக் காலையில ஆடிட்டர் மேசையில கட்டு இருக்கணும், அவ்வளவுதானே" என்றார். சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து, குத்தூசியால் தட்டித் துளைபோட்டு, கோணி ஊசியில் ட்வைன் நூலைக் கோத்து, மீதி இருந்த பதினான்கு கட்டுகளையும் என்னோடு உட்கார்ந்து தைத்தார். மேல்மாடியில் இருக்கும் பழைய பேரேடுகள் எல்லாம் இப்படித் தைத்தவைதான். இன்றுவரை ஒரு தாள் கழன்றதில்லை. இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. மெஷின் வைத்திருப்பவர்களும் ஒரு குத்தூசியும் ஒரு நூல்கண்டும் அலமாரியில் வைத்திருங்கள். அந்த இரண்டும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகாது.

கிழிந்த வவுச்சர்களைப் பற்றித் தணிக்கையாளரிடம் எதையும் மறைக்கவில்லை. கிழிந்த மூலத்தைத் தூக்கி எறியாமல் அப்படியே ஒரு தாளில் ஒட்டி, பக்கத்தில் நகல் வவுச்சர் எழுதி, காரணத்தைக் குறித்து, பொறுப்பில் உள்ளவரிடம் கையெழுத்து வாங்கி வைக்கச் சொன்னார். பொறுப்பில் உள்ள ஆச்சி இருப்பது கானாடுகாத்தானில். முகப்பில் உட்கார்ந்து பதினான்கு தாள்களிலும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். கண் சரியாகத் தெரியாததால் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. "நீ எவ்வளவு கவனமான பிள்ளை, உனக்கா இப்படி" என்று மட்டும் கேட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீசல் ரசீதுகளுக்கு நகல் வாங்கத் தேவகோட்டைக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. அன்றிலிருந்து சூடுபட்டால் கறுக்கும் எந்த ரசீது வந்தாலும் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, நகலையும் சேர்த்தே வவுச்சரில் வைத்துவிடுகிறேன். பிட் நன்றாக இருந்தாலும் அந்த எழுத்து ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கிவிடும். பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டிய கணக்குக்கு அது ஆகாது.

மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்துவிட்டிருந்தது. திரும்பக் கட்டுவதற்கு 2,400 ரூபாய். பிட் இரண்டு 1,240, பார்சல் 150, புது வில்லை 180, வண்டிச் செலவு 1,350, ஜெராக்ஸும் தாளும் 460, அந்தச் சாணைக்குக் கொடுத்த 100. மேலே சொன்ன 5,880 இப்படித்தான் வந்தது. பிட் சென்னையிலிருந்து வந்துசேர ஆறு நாள் ஆனது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. போனில் ஆர்டர் சொன்னபோது "6 மில்லிமீட்டர் பிட்" என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் மொத்த நீளம் என்ன, மெஷினுக்குள் நுழையும் பிடிப்பகுதியின் விட்டம் என்ன என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையில் இருந்ததோ ஒடிந்த துண்டுகள். அவற்றைச் சேர்த்து வைத்து அளந்து, படம் எடுத்து அனுப்பி, அவர் உறுதி செய்வதற்கே இரண்டு நாள் போய்விட்டது. நல்ல பிட் கையில் இருக்கும்போதே வெளிவிட்டம், மொத்த நீளம், பிடிப்பகுதியின் விட்டம் ஆகிய மூன்றையும் அளந்து மெஷினின் பக்கவாட்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பிட்டின் வெளிவிட்டம் நைலான் டியூப்பைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும் என்பதால் டியூப்பின் அளவையும் சேர்த்து எழுதுங்கள்.

வெளிப்பக்கச் சாணையைப் பற்றிய விவரத்தையெல்லாம் எனக்கு விளக்கியவர் அந்தக் கடைக்காரர்தான். கூர் பார்க்கும் வழி ஒன்றையும் அவர் சொன்னார். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிட்டைக் கையில் எடுத்து, அதன் வாயை நமக்கு நேராகத் திருப்பி, மொபைல் டார்ச்சின் வெளிச்சத்தை அதன்மேல் விழவிட்டு மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். நல்ல கூருக்கு அகலம் கிடையாது; அதனால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதில்லை, விளிம்பு இருண்டே தெரியும். மழுங்கிய இடத்தில் விளிம்பு தட்டையாகியிருக்கும். அங்கே வெள்ளிக் கம்பி வைத்ததுபோல் ஒரு கோடு மின்னும். பல் விழுந்த இடம் ஒரு புள்ளியாக மின்னும். புதுப் பிட் வந்த அன்று அதையும் ஒடிந்த பிட்டின் வாயையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். புதியதில் கருவிளிம்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பழையது முழு வட்டமும் மோதிரம்போல மின்னியது. நான்கு மாதம் நான் தேடிய விடை அந்த மோதிரத்தில் இருந்தது. விரலை வைத்துக் கூர் பார்க்க வேண்டாம். புதுப் பிட் தோலை வட்டமாக வெட்டிவிடும்.

இப்போது ஒரு கட்டு 25 மில்லிமீட்டருக்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். பிட்டை ஒரே மூச்சில் அடிவரை இறக்குவதில்லை. பாதி இறக்கி, ஒருமுறை மேலே தூக்கி, பொட்டுகள் வெளியேறிய பிறகு மறுபடி இறக்குகிறேன். ஐந்தாறு துளைக்கு ஒருமுறை மோட்டாரை நிறுத்திவிட்டு வெள்ளை மெழுகுவர்த்தியைப் பிட்டின் வெளிப்பக்கத்தில் லேசாகத் தேய்க்கிறேன். எண்ணெய் போடுவதில்லை, காகிதத்தில் கறை படிந்து எழுத்து ஊறிவிடும். வேலை முடிந்ததும் பிட்டுக்குள் தங்கியிருக்கும் பொட்டுகளை மெல்லிய கம்பியால் உடனே தள்ளிவிடுகிறேன். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அவை இறுகிவிடும், பிறகு முதல் துளையிலேயே அடைப்பு வரும். கட்டுக்கு அடியில் ஒரு பழைய அட்டைத் துண்டை வைப்பதால் கடைசி வவுச்சர் பிசிறில்லாமல் வருகிறது, வில்லையும் நெடுநாள் வருகிறது. பிட்டைச் சாணைக்கு அனுப்பி வாங்கினால் அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குட்டையாகும். ஆகவே திரும்ப மாட்டும்போது இறங்கும் ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். ஆழத்தை எவ்வளவு இறக்கினாலும் வில்லையைத் தொடவில்லை என்ற நிலை வந்தால், கூர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பிட்டை வைத்திருப்பதில் பயனில்லை.

எத்தனை துளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். என்னால் எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணைச் சொல்ல முடியாது, காகிதமும் தடிமனும் ஈரமும் கை அழுத்தமும் இடத்துக்கு இடம் மாறும். அதற்காகத்தான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். புதுப் பிட் மாட்டிய அன்று விழுந்த முதல் ஐந்து பொட்டுகளையும், முதல் கட்டின் அடியில் வைத்த அட்டையையும் அதில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதினேன். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அன்றைய பொட்டுகள் ஐந்தை அதன் கீழே ஒட்டி, அதுவரை போட்ட துளைகளின் எண்ணிக்கையையும் எழுதுகிறேன். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் ஒரே பக்கத்தில் பார்க்கும்போது சந்தேகத்துக்கு இடமே இருக்காது. எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன தம்பிகூடச் சரியாகச் சொல்லிவிடுகிறான். இந்தப் பிட்டில் 410-ஆவது துளைக்குப் பிறகு ஒட்டிய பொட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் ஒரு சின்ன வால் இருந்தது. வில்லையைத் திருப்பிப் பார்த்தோம், டார்ச் அடித்துப் பார்த்தோம், விளிம்பில் ஓரிடம் மின்னியது. அலமாரியில் இருந்த இரண்டாவது பிட்டை எடுத்து மாட்டிவிட்டு, அன்று மாலையே சென்னைக்கு அடுத்த பிட்டுக்கு ஆர்டர் சொல்லியாகிவிட்டது. கழற்றிய பிட்டை ஒரு கவரில் போட்டு, '410 துளை, ஓரிடத்தில் பல்' என்று எழுதி, உள்பக்கச் சாணை பிடிக்கும் கருவி வைத்திருப்பவர் ஒருவர் சிவகாசியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அந்தப் பக்கம் போகிறவர் வருவதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.